புள்ளி உதிர்ந்தால் எரி ஏரியாகும்

வாசகர் கேள்வி – பதில்

ஏடு, அச்சு, கைபேசி ஆகியவை பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். கேள்விகள் வேறு வேறானாலும் ஓரிடத்தில்தான் வந்து நிற்கின்றன: பழைய பாட்டை எந்தக் கருவியில் படிக்கிறோமோ அந்தக் கருவியும் பாட்டோடு சேர்ந்துகொள்கிறது. சுவடிப் பதிப்பிலும் கணினித் தமிழிலும் பழகியவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

ஒரே சங்கப் பாடல் இரண்டு பதிப்புகளில் வேறு வேறு சொற்களோடு இருக்கிறது. புலவர் எழுதியது ஒன்றுதானே? எது சரி?
(கல்லூரி மாணவி, கும்பகோணம்)

புலவர் எழுதிய ஏடு எதுவும் நம்மிடம் இல்லை. பனையோலை சில நூறு ஆண்டுதான் தாங்கும். செல்லரிக்குமுன் யாராவது படியெடுத்தால்தான் நூல் பிழைக்கும். படிக்குப் படி, அந்தப் படிக்கு இன்னொரு படி என்று வந்தவற்றின் கடைசிக் கண்ணிதான் பதிப்பாசிரியர் கைக்குக் கிடைத்தது.

அந்த ஏட்டைப் படிப்பதே ஒரு தனி வித்தை. மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு இருக்காது. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது; செய்யுளின் அடிகூட மடங்காமல் ஓலை முடியும்வரை ஓடும்.

இதன் விளைவைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நெருப்பைக் குறிக்கும் ‘எரி’யும், நீர் நிற்கும் ‘ஏரி’யும் ஏட்டில் ஒன்று. கடலைக் குறிக்கும் ‘பரவை’யும், பொம்மையைக் குறிக்கும் ‘பாவை’யும் ஒன்று. ‘பலகையொலி’ என்று வந்தால் பல கைகளின் ஒலியா, பலகையின் ஒலியா என்பதை ஏடு சொல்லாது. யாப்பும் எதுகையும் பழைய உரையும் இடமும் பார்த்துப் படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கூரிய எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும், அதனால்தான் விட்டார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மைதான். கல்வெட்டுகளிலும் பெரும்பாலும் புள்ளி இல்லை, கல் கிழியாது. படிப்பவருக்கு மொழி தெரியும், அவரே போட்டுக்கொள்வார் என்ற வழக்கமும் சேர்ந்திருக்கிறது.

ஆகவே ‘எது சரி’ என்பதைவிட, ‘இந்தப் பதிப்பாசிரியர் எந்த ஏடுகளைப் பார்த்தார், மற்றப் பாடங்களை (வேறு ஏடுகளில் கண்ட சொல்வடிவங்களை) எங்கே வைத்தார்’ என்று கேளுங்கள். உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளில் (புறநானூறு 1894, குறுந்தொகை 1937) அடிக்குறிப்பில் ‘பி-ம்.’ என்று ஒரு சுருக்கம் வரும். பிரதிபேதம், அதாவது ஏட்டுக்கு ஏடு உள்ள வேறுபாடு, என்பதன் சுருக்கம் அது. மேலே இருப்பது அவர் தேர்ந்த பாடம். கீழே இருப்பவை அவர் ஒதுக்கியவை. மலிவுப் பதிப்புகள் முதலில் வெட்டுவது இந்த அடிக்குறிப்பைத்தான். அதை வெட்டியபின், பதிப்பாசிரியர் தயங்கி எடுத்த முடிவு ‘மூலம்’ என்ற பெயரில் சுற்ற ஆரம்பித்துவிடும்.

‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ உலக ஒற்றுமைப் பாட்டுத்தானே? அதற்கு வேறு பொருள் உண்டு என்று ஒருவர் வாதாடுகிறார்.
(ஆசிரியர், திண்டுக்கல்)

வாதாடுகிறவர் பாட்டு முழுவதையும் படித்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

புறநானூறு 192, கணியன் பூங்குன்றனார் பாடியது, 13 அடி. நமக்குப் படமாகவும் வரவேற்பு வளைவில் எழுத்தாகவும் மேடை முடிப்பாகவும் வருவது முதலடி மட்டும். அடுத்த அடியே ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ என்று திரும்புகிறது. நோவதும் தணிவதும் அப்படியே, சாவது புதிதன்று, வாழ்வு இனிது என்று மகிழவும் இல்லை, வெறுத்து இன்னாது என்று சொல்லவும் இல்லை என்று போகிறது. பிறகு பாட்டின் நடு உவமை: மழை பெய்து கல்லில் மோதி இரையும் பேராற்றில் நீர் போகும் போக்கில் போகும் புணை. உயிரும் அப்படி முறைவழிப் படும் என்று தெளிந்தோம், ஆதலால் பெரியோரை வியத்தலும் இல்லை, ‘சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’ என்று முடிகிறது.

முதலடிக்குக் காரணம் கடைசி அடிகளில் இருக்கிறது. எல்லாரும் ஒரே ஆற்றில் மிதக்கும் தெப்பங்கள் என்பதால் எவரும் அயலார் இல்லை. ஊழை ஏற்ற ஒருவரின் சமநிலை இது. பாட்டின் கீழே பொதுவியல் திணை, பொருண்மொழிக் காஞ்சித் துறை (வாழ்வின் உறுதிப்பொருளை எடுத்துச் சொல்வது) என்று குறிப்பு இருப்பதும் அதனால்தான். உலக ஒற்றுமை என்ற பொருள் பிழையில்லை, ஆனால் அது பாட்டின் வாசற்படி. எங்களைக் கேட்டால், கடைசி அடிதான் முதலடியைவிடக் கடினமானது, பெரியதும்கூட.

குறுந்தொகை 40க்கும் இதே கதி. ‘செம்புலப் பெயனீர் போல’ (செம்மண்ணில் பெய்த மழைநீர் போல) திருமண அழைப்பிதழ்களில் நிரந்தர இடம் பிடித்துவிட்டது. பாட்டின் கீழே உள்ள கூற்றுக் குறிப்பு, இவன் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சியதைக் கண்டு தலைவன் சொன்னது என்கிறது. குறிப்போடு படித்தால் அது ஒரு தேற்றுமொழி. குறிப்பில்லாமல் படித்தால் வெற்றி முழக்கம். குறிப்புகள் பிற்காலத்தார் சேர்த்தவை, அவற்றை ஒதுக்கிப் படிக்கவும் உரிமை உண்டு. அறிந்து ஒதுக்குவது வேறு, படத்துக்குள் இடமில்லாமல் விடுபட்டுப்போவது வேறு.

ஏ, ஓ எழுத்துகளை வீரமாமுனிவர்தான் உண்டாக்கினாரா?
(வாசகர், காரைக்கால்)

ஒலியை அல்ல, எழுத்தில் காட்டும் முறையை. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்கிறது. எழுதுவோர் அந்தப் புள்ளியை விட்டுவிட்டதால் குழப்பம். வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார். அச்சு அதை நிலைநிறுத்தியது.

நன்றாகத் தெரிந்த அடியைக் கணினியில் தேடினால் ‘இல்லை’ என்கிறது. கோப்பில் கண்ணுக்குத் தெரிகிறது, தேடலில் வரவில்லை. ஏன்?
(ஆய்வு மாணவர், மதுரை)

நான்கு காரணங்கள், அடிக்கடி வரும் வரிசையில்.

முதலாவது புணர்ச்சி. சந்தி பிரிக்காத பதிப்பில் ‘யாவருங் கேளிர்’ என்றிருக்கும்; நீங்கள் ‘யாவரும்’ என்று தேடியிருப்பீர்கள். ‘பெயல்’ என்று தேடினால் ‘பெயனீர்’ கிடைக்காது. லகரமும் நகரமும் சேர்ந்து னகரமாகிவிட்டன. சொல்லின் மாறாத முன்பகுதியை மட்டும் இடுங்கள்: ‘யாவரு’, ‘பெய’. கடைசி எழுத்தின் புள்ளியை எடுத்துவிட்டுத் தேடுவதும் பெரும்பாலான மென்பொருள்களில் பலன் தரும். ‘பெயல்’ என்றால் ‘பெயலை’ வராது, ‘பெயல’ என்றால் இரண்டும் வரும். ஏடெழுதியவர் வழக்கம் இங்கே உதவுகிறது! ‘மரம்’ போன்றவற்றுக்கு ‘மரத்த’ என்று இன்னொரு முறை தேட வேண்டும்.

இரண்டாவது, ஒரே தோற்றம், வேறு குறியீடு. ‘ஔவையார்’ என்பதில் முதலெழுத்து தனி ஔகாரமாகவும் இருக்கலாம், ‘ஒ’வும் ‘ள’வும் ஒட்டியதாகவும் இருக்கலாம். இணையத்தில் இரண்டாவது வகை ஏராளம். இரண்டையும் தேடுங்கள். ‘ஸ்ரீ’க்கும் இரண்டு குறியீட்டு வரிசைகள் உண்டு.

மூன்றாவது பழைய எழுத்துரு. பாமினி போன்றவற்றில் தட்டிய கோப்பு திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள், ஆங்கிலக் குப்பை வந்தால் முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுங்கள்.

நான்காவது, உண்மையிலேயே தட்டச்சுப் பிழை.

சந்தி பிரித்த பதிப்பையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். தேட வசதி, ஓசை போய்விடும். ‘தாங்கலந் தனவே’ என்பதைத் ‘தாம் கலந்தனவே’ என்று பிரித்தால் பொருள் விளங்கும், சீர் உடையும். தேடுவதற்கு ஒன்று, வாய்விட்டுப் படிக்க ஒன்று என்று இரண்டையும் வையுங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் சங்கப் பாடல் கேட்டால் எண்ணோடு தருகிறது. நம்பலாமா?
(வாசகி, கோயம்புத்தூர்)

பாட்டையும் எண்ணையும் தனித்தனியே சரிபாருங்கள். இரு பாடல்களின் அடிகளைக் கலப்பது, புலவர் பெயரை மாற்றுவது, சங்கச் சாயலில் புதிதாகவே புனைவது எல்லாம் நடக்கின்றன. அடியில் மூன்று சொற்களை எடுத்து முழுத்தொகை உள்ள தளத்தில் தேடுங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல்தொகுப்பில் மூலங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிறகு அச்சுப் பதிப்பில் பாருங்கள்.

அகநானூற்றுக்கு மட்டும் ஒரு பழைய சோதனை உண்டு, மின்சாரம் வேண்டாம். எண் ஒற்றைப்படையானால் பாலை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், 10, 20 என முடிபவை நெய்தல். 400 பாடலும் இந்த ஒழுங்கில்தான். யாராவது ‘அகநானூறு 35, குறிஞ்சித்திணை’ என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம், 35 பாலை.

தொகுத்தவர்கள் நிலத்தை எண்ணுக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். வரிசையாகப் படித்தால் ஒன்றுவிட்டு ஒன்று பாலைதான். பிரிவின் வெயிலைக் கடந்துதான் ஒவ்வொரு நிலத்துக்கும் போக முடியும். 1940இல் வந்த வையாபுரிப்பிள்ளை பதிப்பு சங்கப் பாடல்களைப் புலவர் வாரியாக அடுக்கியது. கபிலர் ஓர் ஆளாகக் கண்முன் வந்தார், பாலையின் அந்தத் தாளம் மறைந்தது. தேடல் பெட்டியில் இரண்டுமே இல்லை.

1930களில் அச்சான எங்கள் ஊர்த் தலபுராணத்தைத் தட்டச்சுக் கோப்பாக்க வேண்டும். படமெடுத்து மாற்றினால் பிழை மலிகிறது.
(கோயில் நூலகப் பொறுப்பாளர், திருநெல்வேலி மாவட்டம்)

பிழை பெரும்பாலும் படத்தில் தொடங்குகிறது. கறுப்பு-வெள்ளையாகச் சேமித்திருப்பீர்கள், அப்போது மங்கலான புள்ளிகள் தாளின் நிறத்தோடு போய்விடும், ‘ற்’ எல்லாம் ‘ற’ ஆகும். மறுபடி ஏட்டுக் காலம்! சாம்பல்நிற அளவிலோ வண்ணத்திலோ, அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் எடுங்கள். உரை சிறிய எழுத்தில் இருந்தால் 400. புத்தகத்தின் நடுமடிப்பில் வரி வளையாதபடி கண்ணாடி வைத்து அழுத்துங்கள். முதுகு உடையும் நிலையிலிருந்தால் அழுத்தாதீர்கள், பக்கம் பக்கமாகச் சாய்த்து எடுங்கள்.

1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்பதால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை, இவற்றோடு ணொ, ணோ வகை எழுத்துகளும் பழைய வடிவில் இருக்கும். மொத்தம் 13. மென்பொருள் முதலில் தடுக்குவது இவற்றில்தான். பத்துப் பக்கம் மாற்றிப் பார்த்து, எந்த எழுத்து எதுவாக மாறுகிறது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். பிறகு மொத்தமாகத் திருத்தலாம். ஆனால் ‘ர’வையும் துணைக்காலையும் மொத்தமாக மாற்றவே கூடாது, கண்ணால் பார்த்தே திருத்த வேண்டும். அசல் படங்களை அழித்துவிடாதீர்கள்.

வீட்டுப் பரணில் ஓலைக்கட்டு ஒன்று இருக்கிறது. என்ன செய்யலாம்?
(வாசகர், தேவகோட்டை)

முதலில் எதுவும் செய்யாமல் இருங்கள். வெயிலில் காயவைப்பது, ஒட்டுநாடா ஒட்டுவது, பிளாஸ்டிக் உறையிடுவது மூன்றும் ஓலையைக் கொல்லும். ஒட்டிக்கொண்ட ஏடுகளை நகத்தால் பிரிக்காதீர்கள். மென்மையான தூரிகையால் தூசி தட்டி, விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்துப் படமெடுங்கள்; எழுத்தாணிக் கீறல்கள் நிழல் விழுந்து எழும்பித் தெரியும். ஒவ்வொரு ஏட்டுக்கும் இரு பக்கமும், அருகில் ஓர் அளவுகோலும். இடது ஓரத்தில் தமிழெண்ணில் ஏட்டெண் இருக்கும்: ௨௰௩ என்றால் 23. கட்டைக் கலைத்தபின் வரிசை தெரியாமல் போனால் இந்த எண்தான் துணை.

எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவதும், விளக்குக்கரியை மறுபடி தேய்ப்பதும் பழகிய கை செய்ய வேண்டிய வேலை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை, சரசுவதி மகால் நூலகம், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் ஆகியவற்றில் கேட்கலாம். காணாமற்போன காப்பியம் என்று எதிர்பார்க்க வேண்டாம். வீட்டுக் கட்டுகள் பெரும்பாலும் வைத்தியம், சோதிடம், கணக்கு, அம்மானை (கதைப்பாட்டு). வரவுசெலவுக் கணக்கு ஏடாக இருந்தால் இன்னும் கவனமாக வையுங்கள், அதை வேறு யாரும் படியெடுத்திருக்க மாட்டார்கள்.