‘வார்டில் சேருங்கள்’ என்று எப்போது சொல்வது?

கேள்வி: குடிநோயாளிகளுக்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆலோசகராக இருக்கிறேன். லாரி ஓட்டுநர் ஒருவர் ஐந்து மாதமாக வாரந்தோறும் வந்து பேசிவிட்டுப் போகிறார். ஆனால் சேர்ந்தாற்போல் பத்து நாள் அவர் குடிக்காமல் இருந்ததில்லை. மருத்துவமனையில் சேருங்கள் என்றதும், “நீங்களும் என்னைத் தள்ளிவிடுகிறீர்களா சார்?” என்று கேட்டுவிட்டார். எந்த நிலையில் அனுப்ப வேண்டும் அம்மா? அதை எப்படிச் சொல்வது?
— ஆர்., புதுக்கோட்டை

பதில்: தம்பி, அந்தக் கேள்வி உங்களைக் குத்தியிருக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. இருந்தாலும் அனுப்புங்கள். ஐந்து மாதம் தவறாமல் உங்களைத் தேடி வருகிறவருக்கு மனமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வாரம் ஒரு மணி நேரப் பேச்சு அவர் நோயின் அளவுக்குப் போதவில்லை, அவ்வளவுதான். மாத்திரையில் சர்க்கரை அடங்காதபோது இன்சுலின் எழுதும் மருத்துவரை, கைவிட்டுவிட்டார் என்று யாரும் குறை சொல்வதில்லை.

எவ்வளவு குடிக்கிறார் என்பதைவிட, நிறுத்தினால் என்ன ஆகிறது என்று முதலில் கேளுங்கள். காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் டீ கிளாஸைக் கை நடுங்காமல் பிடிக்க முடிகிறதா? முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? ஆள் தெரியாமல் பிதற்றினாரா? சுவரில் பூச்சி ஊர்கிறது என்றாரா? வலிப்போ பிதற்றலோ ஒரே ஒரு முறை வந்திருந்தாலும் சரி, அவர் வீட்டில் இருந்தபடி குடியை நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். பிதற்றல் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும். அது உயிரையே பறிக்கக்கூடியது. வார்டில் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் லோராசிபாம், குளோர்டயசிபாக்சைடு போன்ற மருந்துகளைக் கொடுத்து, அவற்றின் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடுவார்கள். தெருமுனை கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொள்வது இதற்கு ஈடாகாது.

மஞ்சள் காமாலை, வயிறு வீக்கம், ரத்த வாந்தி என்றால் பொது மருத்துவப் பிரிவுதான் முதலில். சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இருக்கிறது என்றாலோ, அதற்கான வழியையும் யோசித்து வைத்திருந்தாலோ, அன்றைக்கே அழைத்துப் போக வேண்டும்; அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

குடிக்காத நாள்களிலும் காதில் குரல் கேட்கிறது என்பவர்களைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். “முதலில் குடியை நிறுத்திவிட்டு வா” என்று ஓர் இடத்திலும், “முதலில் மனநோயைச் சரிசெய்துகொண்டு வா” என்று இன்னோர் இடத்திலும் சொல்லி இவர்களை அலைக்கழிக்கிறார்கள். அந்த அலைச்சலிலேயே குடும்பம் ஓய்ந்துபோகிறது. இரண்டையும் ஒரே குழு பார்க்கிற இடத்துக்கே அனுப்புங்கள். உங்கள் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்குள்ள மனநலப் பிரிவில் தொடங்கலாம். சிக்கல் கூடினால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, பெங்களூரு நிம்ஹான்ஸ் என்று மேலே போகலாம். வாரம் ஒருநாள் ஆலோசனைக்கும் வார்டில் படுப்பதற்கும் நடுவில், தினமும் வந்து மாலையில் வீடு திரும்பும் சிகிச்சை நம் மாவட்டங்களில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் வெளிநாட்டுப் பாடப்புத்தகம் சொல்லும் படிகளில் ஒன்றிரண்டை நாம் தாண்டித்தான் ஏற வேண்டியிருக்கிறது.

உங்கள் லாரிக்காரருக்கு வலிப்பு, பிதற்றல் எதுவும் இல்லாமலும் இருக்கலாம். அப்போதும் அவர் தொழிலைப் பாருங்கள். இரவெல்லாம் வண்டி, கையில் படிக்காசு, லோடு இறக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடை. இந்தச் சூழலிலிருந்து சில வாரம் விலகி இருந்தாலே ஒழிய நீங்கள் பேசுவது அவருக்குள் தங்காது. அவர் ஸ்டீயரிங் பிடிக்கிறவர் என்பதால் ஆபத்து அவரோடும் நிற்காது.

இனி, எப்படி அனுப்புவது. நான் வேலை பார்க்கும் வார்டுக்கு ஒரு திங்கட்கிழமை காலை ஒருவர் வந்தார். சட்டைப் பையில் நான்காக மடித்து, வியர்வையில் மை ஊறிய ஒரு சீட்டு. ‘மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்’ என்ற ஒரே வரி, கீழே முத்திரை. போன பொங்கலுக்குக் குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்ததை மனைவி சொன்னார். கடைசியாக எப்போது குடித்தார் என்றதற்கு, “சனிக்கிழமை ராத்திரி” என்றார். சீட்டு எழுதியவர் இந்த இரண்டையும் அவரிடம் கேட்டிருக்கவே இல்லை. அன்று மாலையே படுக்கையில் வலிப்பு வந்தது. மனைவி சொல்லியிருந்ததால் செவிலியர் ஊசியைத் தயாராக வைத்திருந்தார்.

ஆகவே கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: கடைசிக் குடி எப்போது, தினமும் எவ்வளவு, முன்பு வந்த வலிப்பு, சாப்பிடும் மாத்திரைகள், தற்கொலை எண்ணம், வேறு போதை, வீட்டில் துணைக்கு யார் என எல்லாமும். அவர் சம்மதத்தோடு எழுதி, அவருக்கும் படித்துக் காட்டுங்கள். அவர் எதிரிலேயே அந்த மருத்துவமனையின் சமூகப் பணியாளரைக் கூப்பிட்டுப் பேசி, போனை அவர் கையில் கொடுங்கள். முடிந்தால் முதல் நாள் கூடவே போங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வார்டிலிருந்து வெளியே வரும் வாரத்திலேயே உங்களை வந்து பார்க்க ஒரு சீட்டில் நாள் குறித்துக் கொடுங்கள். மீண்டும் குடிக்கும் ஆபத்து மிகுந்திருப்பது அந்த முதல் வாரங்களில்தான். ‘தள்ளிவிடுகிறீர்களா’ என்று கேட்டவருக்குப் பேச்சால் பதில் சொல்ல முடியாது; அந்தச் சீட்டில் இருக்கும் தேதிதான் பதில்.

கேள்வி: என் கணவருக்குக் குடி முற்றிவிட்டது. ஒரு மறுவாழ்வு மையத்தில் பணம் கட்டினால் இரவில் வேனோடு நான்கு பேர் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள், மூன்று மாதத்துக்கு யாரும் பார்க்கக் கூடாது என்கிறார்கள். என் கொழுந்தனார் சரி என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் பயம் நியாயமானது. வேண்டாம் அம்மா. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோயாகவே கணக்கில் கொள்கிறது. நோயாளி தானாகச் சேர முடியாத நிலையில் இருந்தால், அவருடைய நியமனப் பிரதிநிதியின் (அவர் சார்பில் பேச அவரே நியமித்தவர், இல்லையென்றால் உறவினர் போன்றவர்) விண்ணப்பத்தின் பேரில் சேர்க்கலாம். அதற்கு ஒரு மனநல மருத்துவரும், மனநலத் துறையைச் சேர்ந்த இன்னொருவர் அல்லது ஒரு மருத்துவரும் தனித்தனியாகப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். அப்படிச் சேர்ப்பதும் 30 நாள்வரைதான். நீட்டிக்க வேண்டுமானால் அதற்கு வேறு விதி இருக்கிறது. சங்கிலியால் கட்டுவதற்கு எந்தக் காரணத்துக்காகவும் அனுமதி இல்லை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் கருகிப்போனார்கள். ‘கட்டிப் போட்டால் திருந்துவான்’ என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த 28 பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

எந்த மையமானாலும் நேரில் போங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள், மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், நான் எப்போது போனில் பேசலாம் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடுங்கள். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உங்களுக்குப் பக்கம்தான். அவர் குடிக்காத ஒரு காலை வேளையில், மனைவியாக நீங்களும் அவர் மதிக்கும் ஒருவருமாக உட்கார்ந்து பேசுங்கள். “குடியை விடு” என்பதைவிட “கை நடுக்கத்துக்கு ஊசி போட்டுக்கொள்ளலாம், வா” என்றால் எழுந்து வருகிறவர்கள் நிறையப் பேர். கோபத்தில் அவர் திடீரென்று நிறுத்திவிட்டு வலிப்பு வந்தாலோ, பிதற்றினாலோ, உடனே 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: கல்லூரி ஆலோசகரிடம் மூன்று மாதமாக மனச்சோர்வுக்குப் பேசி வருகிறேன். இப்போது மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார். என் நிலைமை கைமீறிவிட்டதா?
— வி., திருப்பூர்

பதில்: இல்லை. தூக்கமும் பசியும் போய், பாடம் மனத்தில் நிற்காமல் ஆகும்போது பேச்சோடு மருந்தும் தேவைப்படலாம். உங்கள் ஆலோசகர் அதை உரிய நேரத்தில் கவனித்திருக்கிறார். மருந்து பலன் தெரிய சில வாரம் பிடிக்கும். தொடக்கத்தில் வரும் குமட்டலைப் பார்த்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆலோசகரிடம் பேசுவதையும் விட வேண்டாம். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள எழுத்தில் சம்மதம் கொடுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளுக்கு முன்பே மனம் தாங்காமல் போனால், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. எந்த நேரத்திலும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.