கிளாக்கோமா உள்ளவருக்கு மறதி கூடும்போது பார்வைப் புலப் பரிசோதனையை எவ்வளவு நம்பலாம்?

உங்கள் தாயாருக்குப் பல ஆண்டுகளாக, பார்வை நரம்பை மெல்ல அழிக்கும் கிளாக்கோமா நோய் இருக்கிறது, அண்மையில் மறதியும் கூடியிருக்கிறது, நடுவிலும் ஓரங்களிலும் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கும் பார்வைப் புலப் பரிசோதனை கடைசி இரண்டு முறையும் மோசமாக வந்ததால் மருத்துவர் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கெடுவது கண்ணா, நினைவா என்பது உங்கள் கேள்வி. இந்தப் பரிசோதனையைச் செய்வதே என் தொழில். என் அப்பாவுக்கும் இந்த இரண்டும் சேர்ந்தே இருந்தன. அந்த ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டு கண் என்றும் சொல்ல முடியாது, நினைவு என்றும் சொல்ல முடியாது.

பரிசோதனை ஒருவரிடம் என்னென்ன கேட்கிறது என்பதைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடி, தாடையைத் தாங்கியில் வைத்து, வெள்ளைக் கிண்ணத்தின் நடுவிலுள்ள விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு, ஓரங்களில் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே மின்னும் புள்ளி ஒவ்வொன்றுக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். 24-2 என்னும் வழக்கமான முறையில் இப்படி 54 இடங்கள் சோதிக்கப்படுகின்றன. ஒவ்வோர் இடத்திலும் பாதி முறை தெரிந்து பாதி முறை தெரியாமல் போகும் மங்கலான ஒளியைத்தான் கருவி தேடுகிறது. ஆகவே நல்ல கண் உடையவருக்கும் ஏறத்தாழப் பாதி ஒளிகள் தெரியாமலே போகும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், தோற்றுக்கொண்டே இருக்கிறோம் என்ற எண்ணம் முதியவருக்கு இரண்டாம் நிமிடத்திலேயே வந்துவிடும். விதியை நினைவில் வைத்திருப்பது, கவனம் சிதறாமல் இருப்பது, சந்தேகமான ஒளிக்கு அழுத்தலாமா என்று உடனே முடிவெடுப்பது எல்லாமே மூளையின் வேலை.

அதே வயதினரின் இயல்பான பார்வையைவிடப் புலம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைச் சராசரி விலகல் என்னும் எண் காட்டும்; மைனஸ் கூடக்கூட மோசம். என் அப்பாவுக்கு முந்தைய ஆண்டு மைனஸ் 6 டெசிபல் அளவில் இருந்த அது திடீரென மைனஸ் 13-க்கு இறங்கியது. பரிசோதனையைச் செய்தது வேறொரு மருத்துவமனையில்; நான் கதவோரம் நின்றிருந்தேன். தொடங்கி ஒரு நிமிடம் வரை அவருடைய கட்டை விரல் சரியாக இயங்கியது. பிறகு பொத்தான் மடியில் இறங்கியது; விரல் அதன்மேல் சும்மா கிடந்தது; தலை மட்டும் அசையாமல் மிகப் பணிவாகக் கிண்ணத்துக்குள் இருந்தது. வெளியே வந்ததும் கேட்டேன். "நன்றாகத் தெரிந்தால் அழுத்தலாம் என்று பார்த்தேன், தப்பாக அழுத்திவிடக் கூடாதே" என்றார். சற்று நேரம் கழித்து, "எதற்கு அழுத்த வேண்டும்?" என்று என்னிடமே கேட்டார். ஆறு வாரம் கழித்து, காலை வேளையில், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து நினைவூட்டிக்கொண்டே எடுத்த பரிசோதனையில் அதே கண் மைனஸ் 7-க்கு வந்தது.

கிளாக்கோமாவில் இறந்த நரம்பிழை மீண்டு வருவதில்லை. ஆகவே ஒரு முறை பெரிதும் சரிந்து மறுமுறை எழும் புலத்தில் அந்தச் சரிவுக்கு நோய் முற்றியது காரணமாக இருக்க முடியாது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வும் இதையொட்டியே, கிளாக்கோமா நோயாளிகளில் அறிவாற்றல் மதிப்பெண் குறையக் குறையப் புலப் பரிசோதனை முடிவுகளின் ஏற்ற இறக்கம் கூடுவதைக் காட்டியது. அச்சுத் தாளிலேயே சில தடயங்கள் உண்டு. தொடக்கத்தில் சோதிக்கப்படும் நான்கு இடங்கள் மட்டும் வெளுத்து, மற்றவை கறுத்து, நாலிதழ்ப் பூப்போலத் தெரிந்தால், பாதியிலேயே கவனம் போய்விட்டது என்று பொருள். கிளாக்கோமாவின் சேதமோ நரம்பிழைகள் செல்லும் வழியில் வில்போல வளைந்து, கிடைக்கோட்டில் வந்து நிற்கும். தெரிந்ததையே தெரியாததாக விடும் 'பொய் எதிர்மறை' எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கவனக்குறைவு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சேதம் மிகுந்த கண்ணிலும் அது உயரும்.

கண்ணின் உட்படலங்களை ஒளியால் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் சில நொடிகளில் முடிவது, பொத்தான் தேவையில்லாதது. நரம்பிழைப் படலத்தின் தடிமனை மைக்ரானில் தரும். புலம் சரிந்து, ஓசிடியும் பார்வை நரம்பின் தோற்றமும் பழையபடியே இருந்தால், புலத்தைச் சந்தேகிக்கலாம். ஆனால் நோய் மிக முற்றிய பிறகு படலம் அதற்குமேல் மெலிவதில்லை என்பதால் அங்கே ஓசிடி உதவாது. அல்சைமர் நோயிலும் அந்தப் படலம் ஓரளவு மெலிகிறது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

எனவே அறுவைச் சிகிச்சைக்குமுன் ஒரு மறுபரிசோதனை கேளுங்கள். நியாயமான எந்த மருத்துவரும் மறுக்க மாட்டார். அம்மா தெளிவாக இருக்கும் வேளையில் செல்லுங்கள், காது கேட்கும் கருவி இருந்தால் அணியச் செய்யுங்கள், நேரம் குறைந்த வேக முறையைக் கேளுங்கள், இரண்டு கண்களுக்கும் இடையே ஓய்வு கொடுங்கள். பல கருவிகளில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பரிசோதனை நிற்கும். களைத்தால் இமைத்து ஓய்வெடுக்க அதுவே வழி. பரிசோதகர் அறையைவிட்டுப் போகாமல், "நடு விளக்கையே பாருங்கள்" என்று இடையிடையே சொன்னால் போதும். எங்கள் தொழிலில் பலர் செய்யாத சிறு வேலை இது.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. மோக்கா என்னும் 30 மதிப்பெண் நினைவுச் சோதனையில் கனசதுரத்தைப் பார்த்து வரைவது, கடிகாரம் வரைவது, விலங்குப் படங்களுக்குப் பெயர் சொல்வது என 8 மதிப்பெண் பார்வையை நம்பியது. கண் தெரியாதவர் அங்கே இழப்பதை மறதிக் கணக்கில் எழுதக் கூடாது. அந்தப் பகுதியை நீக்கிய 22 மதிப்பெண் வடிவமும் இருக்கிறது. அதேபோல, அறையில் யாரோ நிற்கிறார்கள் என்று அம்மா சொன்னால் உடனே மனக்குழப்பம் என்று எண்ண வேண்டாம். பார்வை இழந்தவர்களுக்கு இல்லாத உருவங்கள் தோன்றுவதைச் சுவிட்சர்லாந்து இயற்கையியலாளர் சார்ல் போனே தம் தாத்தாவிடம் கண்டு 1760-இல் எழுதினார். அந்த நிலைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு, நோய் உண்மையிலேயே முற்றியிருக்கவும் கூடும். அப்படியானால், சொட்டு மருந்தைத் தவறவிடும் மறதியே அதற்கு வழிவிட்டிருக்கலாம். சொட்டு மருந்து ஒழுங்காக விழுகிறதா என்று ஒரு வாரம் நீங்களே நின்று பாருங்கள். அப்பாவின் குப்பி ஒரு மாதம் தாண்டியும் தீரவில்லை. அதைப் பார்த்த பிறகுதான், அவர் சொட்டு விட மறந்துவிடுகிறார் என்று எங்களுக்குப் புரிந்தது. கிளாக்கோமா மருந்துகளையும் சந்தேகத்திலிருந்து விட்டுவைக்காதீர்கள்: டிமோலால் சொட்டு சோர்வையும், பிரிமோனிடின் தூக்கக் கலக்கத்தையும், அசிட்டசோலமைடு மாத்திரை முதியோரிடம் குழப்பத்தையும் தரக்கூடும். பல சொட்டுகளை ஒரே குப்பியில் சேர்த்த கலவை மருந்தையோ, கண் அழுத்தத்தைக் குறைக்கும் எஸ்எல்டி என்னும் லேசர் சிகிச்சையையோ பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு முதலிலேயே இந்த லேசரைச் செய்து, 2019-இல் முடிவு வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ நான்கில் மூவர் மூன்று ஆண்டுகள்வரை சொட்டு மருந்தில்லாமல் இருந்தார்கள். முற்றிய நோயில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. அறுவைச் சிகிச்சைதான் என்று முடிவானால், அதன்பின் பல வாரங்களுக்கு நாளில் பலமுறை சொட்டு விட வேண்டும், கண்ணைத் தேய்க்காமல் காக்க வேண்டும். அதை வீட்டில் யார் செய்வது என்பதைத் தேதி குறிப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்.