மைலேஜ் குறைகிறதா? கார்ப்புரேட்டரைத் தொடும் முன்

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 2018-ல் வாங்கிய 110 சிசி பைக். லிட்டருக்கு 60 கி.மீ. கொடுத்தது, இப்போது 48-தான். கார்ப்புரேட்டரில் பெட்ரோலைக் குறைத்து வைத்துத் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: வேண்டாம். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்புவதுதான் கார்ப்புரேட்டர். அந்தக் கலவையில் பெட்ரோல் அளவுக்கு மீறிக் குறைந்தால் இன்ஜின் சூடேறும், இழுவை குறையும், நீங்களும் ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக முறுக்குவீர்கள். இடையிடையே தீப்பிடிக்காமல் போகும் பெட்ரோல் அப்படியே சைலன்சர் வழியே வெளியேறும். பெட்ரோலும் மிஞ்சாது, காற்றும் கெடும்.

முதலில் கணக்கைச் சரிபாருங்கள். டேங்கை நிரப்பி கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, 200 கி.மீ.யாவது ஓட்டிவிட்டு, அதே பங்கில் அதே மட்டத்துக்கு நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உண்மையான மைலேஜ்.

குறைந்திருப்பது உறுதியானால் பின்சக்கரத்துக்கு வாருங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். தடையில்லாமல் சில சுற்று ஓட வேண்டும். சர்ரென்று உரசி அரைச் சுற்றிலேயே நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இது பெரும்பாலும் செயினை டைட் செய்த மறுநாள் தொடங்கும். செயினை இறுக்கும்போது சக்கரம் பின்னால் நகர்கிறது, பெடலையும் பிரேக்கையும் இணைக்கும் பிரேக் ராடும் கூடவே இழுபடுகிறது. ராடின் முனையிலுள்ள நட்டைத் தளர்த்தாமலே வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். பெடலை அழுத்தினால் முதல் 20–30 மி.மீ. சும்மா இறங்கி, அதன் பிறகே பிரேக் பிடிக்க வேண்டும். நட்டைத் தளர்த்தியும் உரசல் நிற்காவிட்டால், பிரேக் டிரம்முக்குள் ஷூக்களை விரிக்கும் கேம் துருவேறித் திரும்பாமல் நிற்கிறது. கழற்றித் துடைத்து, ஷூவில் படாமல் துளி கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

செயினின் கீழ்ப்பகுதி நடுவில் 20–30 மி.மீ. மேலும் கீழும் ஆட வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு மேனுவலில் இருக்கும். ஒரே இடத்தில் பார்த்தால் போதாது; சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் விறைப்பும் மற்றோரிடத்தில் தொய்வும் இருந்தால் செயின் ஆயுள் முடிந்தது. செயின் ஓடும் பற்சக்கரங்களான ஸ்ப்ராக்கெட்டுகளோடு சேர்த்தே மாற்றுங்கள்.

டயர் காற்றை வண்டி ஓடிச் சூடாகும் முன் பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டரில் ஒரு எச்சரிக்கை: ஸ்பாஞ்ச் வகையைக் கழுவலாம். எண்ணெய் தோய்ந்த காகித வகையைக் கழுவவும் கூடாது, கம்ப்ரஸர் காற்றால் ஊதவும் கூடாது, மாற்றத்தான் வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தால் மட்டும் கார்ப்புரேட்டரைத் திறக்கலாம்.

கேள்வி: கொல்லிமலையிலிருந்து காரை நியூட்ரலில் இறக்கினால் பெட்ரோல் மிச்சமாகுமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: ஆகாது, ஆபத்தும்கூட. கணினி அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்ஷன் உள்ள காரில் கியர் போட்டபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். கணினி பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். இன்ஜினின் வேகம் ஐட்லிங்கை (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது ஓடும் வேகத்தை) நெருங்கும்போதுதான் மறுபடி விடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் தானாக ஓட வேண்டும், அதற்குப் பெட்ரோல் செலவாகும். 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மட்டும் நம்பினால் பேடு சூடேறி, மிதித்தும் பிடிக்காமல் போகலாம். இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் இறங்குங்கள். சமவெளியிலும் இதே பழக்கம் உதவும்: தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே காலை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சிக்னலில் எத்தனை வினாடி நின்றால் இன்ஜினை அணைக்கலாம்? (வாசகி, கோவை)

பதில்: பத்து வினாடிக்கு மேல் என்றாலே லாபம்தான். நடைமுறையில், சிக்னல் கவுண்டரில் 20-க்கு மேல் இருந்தால் அணையுங்கள். பேட்டரி பலவீனமான வண்டியில் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் மைலேஜ் போயிற்று என்கிறார்களே? (வாசகர், ஈரோடு)

பதில்: ஓரளவு உண்மை. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதக் கலப்புக்கென வடிவமைக்கப்படாத வண்டிகளில், காருக்கு 6–7 சதவீதமும் இருசக்கர வாகனத்துக்கு 3–4 சதவீதமும் மைலேஜ் குறையும் என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கை மதிப்பிட்டது. முதல் கேள்வியில் விருதுநகர் வாசகர் சொன்னதுபோல் 60 கி.மீ. 48 ஆவது 20 சதவீத இழப்பு. அதற்கு எத்தனாலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

கேள்வி: புகைச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். ஆனாலும் பைக்கை முறுக்கினால் நீலப் புகை வருகிறது. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. பெட்ரோல் பைக்குக்கான சோதனை, ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும்தான் அளக்கிறது. முறுக்கும்போது வரும் ஆயில் புகை அதில் தப்பிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் மட்டும் வந்தால் வால்வு சீல். முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகியுங்கள். தள்ளிப்போட்டால் ஆயில் கசடு படிந்து சைலன்சருக்குள் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் வீணாகும். வேலை முடியும்வரை வாரம் ஒருமுறை ஆயில் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் மேனுவலில் சொன்ன கிரேடையே ஊற்றுங்கள். புகையை அடக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றினால் பெட்ரோல் செலவு கூடும், ரிங் சரியாகாது.