அலுவலகத்தைக் காலி செய்கிறோம். இந்த மேசை நாற்காலிகளை என்ன செய்வது?

கேள்வி: கிண்டித் தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் அலுவலகத்தைக் காலி செய்துவிட்டு, இதைவிடச் சிறிய இடத்துக்குப் போகிறோம். 22 சுழல் நாற்காலிகள், 14 பலகை மேசைகள், 4 ஸ்டீல் பீரோக்கள், ஒரு பழைய தேக்கு மேசை, தடுப்புப் பலகைகள், யூ.பி.எஸ். பேட்டரிகள் ஆகியவை மிஞ்சுகின்றன. பழைய சாமான் வியாபாரி ஒருவர் எல்லாவற்றையும் ஒரே விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?
- வாசகி, ஆலந்தூர்

பதில்: மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. பட்டவள் சொல்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்தில் 27 ஆண்டுகள் பண்டக அறைப் பொறுப்பில் இருந்தேன். 1998இல் எங்கள் கிளை இடம் மாறியபோது நானும் ஒரே விலை பேசி, லாரியில் ஏற்றிக் கையெழுத்தும் போட்டேன். மறுநாள் மாலை பஸ்ஸை விட்டு இறங்கினால், இரண்டு தெரு தள்ளி ஒரு காலி மனையில் கரும்புகை. எங்கள் நாற்காலிகள்தான். இரும்பை எடுப்பதற்காக ரெக்சினையும் நுரைப் பஞ்சையும் எரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றின் முதுகில் நான் வெள்ளைப் பெயின்டால் எழுதிய 31 என்ற எண் பாதி கருகித் தெரிந்தது. பக்கத்துக் குடிசை வாசலில் ஒரு பெண், கைக்குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள். அந்தப் பஞ்சு எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வெளிவரும் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த வியாபாரியை நான் குறை சொல்லவில்லை. பொருள் எங்கே போகும் என்று அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே முதலில் பிரியுங்கள். தேக்கு மேசைக்கு வியாபாரி வேண்டாம், நல்ல தச்சர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். பழைய தேக்கைக் கண்டதும் அவரே விலை சொல்வார். பீரோக்கள் நசுங்கியிருந்தாலும் கவலையில்லை. ஒடுக்கெடுத்துப் பெயின்ட் அடித்தால் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். அதற்கும் ஆகாதவை எடைக்குப் போனால் உருக்கி மறுபடி இரும்பாகிவிடும். சுழல் நாற்காலிகளில் பெரும்பாலும் சக்கரமோ, உயரத்தை ஏற்றி இறக்கும் உருளையோதான் கெட்டிருக்கும். பழுது பார்ப்பவரை ஒரு நாள் வரவழைத்தால் இரண்டு கெட்டதிலிருந்து ஒரு நல்லதை உருவாக்கித் தருவார். அந்த உருளைக்குள் அதிக அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு அடைக்கப்பட்டிருக்கிறது. அதைத் துளைக்கவோ வெப்பத்தால் வெட்டவோ யாரையும் விடாதீர்கள். விற்பதற்கு உங்கள் பக்கத்திலேயே பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது. பழைய பொருளைத் தேடி வருபவர்கள் அங்கே ஏராளம்.

பலகை மேசையும் தடுப்பும்தான் தலைவலி. அவை மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகைகள். தண்ணீர் பட்டு உப்பிவிட்டால் திருகாணி பிடிக்காது. உப்பாதவற்றைக் கழற்றி அலமாரித் தட்டுகளாக மாற்றலாம். உடைந்ததை ‘விறகுக்குத்தானே’ என்று டீக்கடைக்கோ பேக்கரி அடுப்புக்கோ கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. மேல் ஒட்டுத்தாளும் சேர்ந்து எரியும் புகை, அடுப்பின் முன் நிற்பவரின் நெஞ்சுக்குள் போகும். மாநகராட்சியின் 1913 எண்ணில் பேசி, எப்போது, எங்கே எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டு ஒப்படையுங்கள். தெருமுனைத் தொட்டியருகே இரவோடு இரவாகச் சாய்த்து வைப்பது மட்டும் வேண்டாம். தென்சென்னையின் குப்பை போய்ச் சேரும் பெருங்குடிக் கிடங்கு, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே இருக்கிறது. 2022 ஏப்ரலில் அங்கே பற்றிய தீயின் புகையை உங்கள் ஆலந்தூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பேட்டரியில் ஈயமும் அமிலமும் இருக்கின்றன. புதிய பேட்டரி விற்பவரிடமே பழையதைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள், திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. பழைய கணினிகளும் இருந்தால் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். சொத்துப் பதிவேட்டில் கழிப்பதையும் ஜி.எஸ்.டி.யையும் உங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

இனி, நன்கொடை. அரசுப் பள்ளிக்குக் கொடுக்க விரும்பினால் 2022 இறுதியில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர் பள்ளி’ திட்டம் இருக்கிறது. அருகிலுள்ள தலைமையாசிரியரையும் நேரில் கேட்கலாம். கேட்காமல் மட்டும் கொண்டுபோய் இறக்காதீர்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது வாங்குபவருக்குச் சொன்னது. கொடுப்பவர் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆடும் நாற்காலியில் ஏறி ஒரு பிள்ளை விழுந்தால் யார் பொறுப்பு?

ஒவ்வொரு இழுப்பறையையும் முழுதாக வெளியே உருவி, அதன் பின்புறச் சந்தில் கைவிட்டுப் பாருங்கள். நான் அப்படித் துழாவியபோது ஒரு பழைய மேசையின் உள்ளே, பழுப்பேறிய உறையில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் ஒன்று கிடைத்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற எங்கள் கணக்காளருடையது. வீட்டில் தொலைத்துவிட்டதாக நினைத்து, மனைவியோடு எத்தனையோ முறை அதற்காகச் சண்டை போட்டிருக்கிறார். கையில் கொடுத்தபோது அட்டையைத் தடவியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆதார் நகல், காசோலைத் தாள், சம்பளப் பட்டியல் எதுவும் மேசையோடு போய்விடக் கூடாது.

கேள்வி: எங்கள் சங்க அலுவலகத்தில் 12 பழைய மர நாற்காலிகள் உள்ளன. பிரம்புப் பின்னல் எல்லாவற்றிலும் கிழிந்துவிட்டது. புதிய பிளாஸ்டிக் நாற்காலி வாங்கலாம் என்கிறார்கள்.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம் ஐயா. சட்டத்தைச் சுற்றிலும் சிறு துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் கையால் பின்னிய நாற்காலி, மறுபடி பின்னலாம். விரலால் துளையைத் தடவிப் பார்த்தே பிசகாமல் பின்னும் பார்வையற்ற கைவினைஞர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஆட்சியர் அலுவலகத்தின் மாற்றுத்திறனாளிகள் நலப் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். பின்னி முடித்தபின் இரண்டு நாள் யாரையும் அதில் உட்கார விடாதீர்கள். நனைத்துப் பின்னிய பிரம்பு காய்ந்து இறுக வேண்டும்.