சின்னத்துக்குள்ளே ஒரு தேர்தல்

அன்புள்ள அண்ணா,

வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். 2013ல் வடமாகாண சபைத் தேர்தல் நடந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. பிறகு ஜனாதிபதித் தேர்தல், நாடாளுமன்றத் தேர்தல், உள்ளூராட்சித் தேர்தல் எல்லாவற்றிலும் வாக்களித்துவிட்டேன். மாகாண சபைக்கு மட்டும் சந்தர்ப்பம் வரவே இல்லை. பழைய முறையா புதிய முறையா என்று இழுபடுகிறார்களாம். எப்படியும் எங்கள் சனம் சின்னத்தைப் பார்த்துத்தானே போடப்போகிறது? முறை எதுவாக இருந்தால் என்ன?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

சின்னத்தைப் பார்த்துப் போடுவார்கள் என்பது சரி. ஆனால் பழைய முறையில் அதோடு வேலை முடிவதில்லை. கட்சிக்கு ஒரு புள்ளடி, அப்புறம் அதே கட்சியின் வேட்பாளர் இலக்கங்களில் மூன்று வரை விருப்பு வாக்கு. மாவட்டத்தில் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பது முதல் புள்ளடியில் தெரியும்; அவற்றில் யார் உட்காருவது என்பது விருப்பு வாக்கில். மாகாணத்தில் முதலிடம் வரும் கட்சிக்கு 2 போனஸ் ஆசனமும் உண்டு.

2013ல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வீட்டுச் சின்னம் வெல்லும் என்பதில் பெரிய சந்தேகம் இருக்கவில்லை. 38 ஆசனங்களில் 30 அதற்குத்தான் போனது. உண்மையான போட்டி அந்தச் சின்னத்துக்கு உள்ளே நடந்தது. யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற நீதியரசர் விக்னேஸ்வரன் 1,32,000க்கும் மேற்பட்ட விருப்பு வாக்குகளோடு முதலாவதாக வந்தார். இரண்டாவது அனந்தி சசிதரன். சரணடைந்து காணாமல் போன கணவரைத் தேடிக்கொண்டிருந்த பெண், அரசியலுக்குப் புதியவர். யார் முன்னால், யார் பின்னால் என்பதைக் கட்சியே தீர்மானித்திருந்தால், பழம் தின்று கொட்டை போட்டவர்களைத் தாண்டி அவர் அங்கே வந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

விருப்பு வாக்கின் அசிங்கமும் தெரியும். ஒரே கட்சிக்காரர்கள் ஒருவர் சுவரொட்டி மேல் மற்றவர் ஒட்டுவார்கள்; மாவட்டம் முழுக்கச் சுற்றக் காசுள்ளவர் முந்துவார். 2017ல் கலப்பு முறை வந்தது: பாதிப் பேர் தொகுதியில் நேரடியாக, மீதிப் பேர் கட்சி பெற்ற வாக்கு விகிதாசாரத்தில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொகுதி என்றால் எல்லை வகுக்க வேண்டுமே. எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 பேர், ஆதரவாக ஒருவர்கூட இல்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! பழைய முறை சட்டத்திலிருந்து போய்விட்டது, புதியது எல்லை இல்லாமல் நகராது. அந்த ஒக்டோபரில் வடக்குச் சபையின் காலமும் முடிந்தது. அதன் பிறகு ஆளுநர் ஆட்சிதான்.

அந்த அறிக்கையைச் சிறுபான்மைக் கட்சிகள் எதிர்த்ததில் நியாயம் இருந்தது. உங்கள் மாவட்டத்து முஸ்லிம்களையும் பதுளை, கண்டித் தோட்டங்களில் இருப்பவர்களையும் யோசித்துப் பாருங்கள். சிதறிக் கிடக்கும் வாக்குகள் மாவட்டம் என்றால் ஒன்றுசேரும். தொகுதிக்கு ஒரே வேட்பாளர் என்றால் பெரிய கட்சி அங்கே பெரும்பான்மைச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரைத்தான் நிறுத்தும். விகிதாசாரப் பாதி ஓரளவுக்குத்தான் ஈடுகட்டும்.

என்னைக் கேட்டால், பழைய முறைக்குத் திரும்பச் சட்டத்தைத் திருத்தி முதலில் தேர்தலை வைக்கட்டும். 2019லேயே கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சுமந்திரன் இதற்குத் தனிநபர் பிரேரணை கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. அப்படியொரு தேர்தல் வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மூன்றுக்கு மேல் இலக்கங்களை அடையாளமிட்டால் விருப்பு வாக்கு முழுதும் வீண், கட்சி வாக்கு மட்டும்தான் எண்ணப்படும்.