கால் ஊன்றாமல் ஓட்ட வேண்டிய வண்டிகள்: பழைய பிரிட்டிஷ் ட்ரையல்ஸ் பைக் கேள்வி பதில்

அண்ணா, ட்ரையல்ஸ் என்பதும் ஒரு ரேஸ்தானே?

இல்லை தம்பி. வேகத்துக்கு இங்கே மதிப்பே கிடையாது. பாறை, சேறு, ஓடை என்று குறித்து வைத்த சின்னச் சின்னப் பகுதிகளைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு முறை ஊன்றினால் 1 புள்ளி, பல முறை ஊன்றினால் 3, வண்டி நின்றுபோனால் 5. குறைந்த புள்ளி வாங்கியவர்தான் ஜெயித்தவர். ஸ்காட்லாந்து மலைகளில் நடக்கும் ஆறு நாள் ட்ரையல் இதில் மிகப் பெரிய போட்டி. 1961-ல் கார்டன் ஜாக்சன் 350 சிசி ஏஜேஎஸ் என்ற பிரிட்டிஷ் வண்டியில் அந்த ஆறு நாளையும் ஒரே ஒரு புள்ளி இழப்போடு முடித்தார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் சிலிர்க்கும். இந்த வண்டிகளில் எஞ்சின் சீராகச் சுழலக் கனமான ஃப்ளைவீல் சக்கரம், குறைந்த கம்ப்ரஷன், மிகத் தாழ்ந்த முதல் கியர். ஆள் நடக்கும் வேகத்தில், ஒவ்வொரு வெடிப்பையும் காதால் எண்ணிவிடலாம் போல எஞ்சின் துடிக்க, வண்டி ஈரப்பாறை மேல் ஏறும். மெதுவாகப் போவதற்காகவே இவ்வளவு யோசித்துச் செய்த வேறு வண்டியை நான் பார்த்ததில்லை.

நம்ம புல்லட்டும் ட்ரையல்ஸில் ஓடியது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சொல்லப்போனால் இன்று நாம் அறிந்த புல்லட்டின் வடிவமே அங்கேதான் முதலில் வெளிப்பட்டது. 1948 பிப்ரவரியில் கோல்மோர் கப் ட்ரையலுக்கு ராயல் என்ஃபீல்டு, பின்சக்கரம் மேலும் கீழும் அசைய ஸ்விங் ஆர்ம் சஸ்பென்ஷன் வைத்த 350 முன்மாதிரிகளைக் கொண்டுவந்தது. பின்சக்கரம் ஃபிரேமோடு இறுக்கமாக இருந்தால்தான் சேற்றில் பிடிப்பு கிடைக்கும் என்று பலர் நம்பிய காலம் அது. அதே வருடம் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் ட்ரையலில் சார்லி ரோஜர்ஸ், விக் பிரிட்டன் இருவரும் புல்லட்டில் தங்கம் வாங்கினார்கள். விக்கின் மகன் ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் ஸ்காட்டிஷ் ஆறு நாளை புல்லட்டில் ஜெயித்தார். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, பிறகு திருவொற்றியூரில் இறங்கியது இந்தப் பரம்பரை வண்டிதான்.

முதல் வண்டியாக எதை வாங்கலாம்?

ட்ரையம்ஃப் டைகர் கப். 199 சிசி, எடை குறைவு. 1959-ல் ராய் பெப்லோ ஸ்காட்டிஷ் ஆறு நாளை இதில்தான் ஜெயித்தார். வில்லியர்ஸ் கம்பெனியின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் போட்ட கிரீவ்ஸ் வண்டியும் நல்ல தேர்வு. ஆனால் சாதாரண ரோடு வண்டிக்கு உயர்த்திய சைலன்சரும் அலுமினிய டேங்கும் மாட்டி 'ஒரிஜினல் ட்ரையல்ஸ்' என்று விற்கிறார்கள். காசு கொடுப்பதற்கு முன் எஞ்சின் எண்ணையும் ஃபிரேம் எண்ணையும் எழுதி வந்து, பிரிட்டனின் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பில் இருக்கும் பழைய தொழிற்சாலைப் பதிவுகளோடு ஒத்துப் பாருங்கள்.

11 ஸ்பானர் நுழையவில்லை, 12 வழுக்குகிறது. நட் முனையெல்லாம் மழுங்கிவிட்டது.

மெட்ரிக் ஸ்பானரை உடனே கீழே வையுங்கள். உங்கள் நட் 11.3 மில்லிமீட்டர். பழைய பிரிட்டிஷ் இஞ்சு அளவில் வரும் விட்வொர்த் ஸ்பானர் செட் ஒன்று வாங்கியே ஆகவேண்டும். அதில் போட்டிருக்கும் எண் போல்ட்டின் தடிமன்; நட்டின் அகலம் அல்ல. மரையிலும் கவனம் தேவை. இந்த வண்டிகளில் இஞ்சுக்கு 26 மரை உள்ள சைக்கிள் மரை நிறைய வரும். பார்க்க ஒன்றுபோல் இருக்கும் வேறு போல்ட்டை விரலால் இரண்டு சுற்று ஏற்றிவிடலாம். மூன்றாவது சுற்றில் அலுமினியம் பிய்ந்துவிடும்.

குளிரில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. இருபது நிமிடம் ஓடினால் நின்றுவிடுகிறது. கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிவிட்டேன். பேட்டரி இல்லாமல் தானே ஸ்பார்க் தரும் மேக்னெட்டோ உள்ள வண்டி.

கார்புரேட்டரை விட்டுவிடுங்கள். ஆறியபின் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது மேக்னெட்டோவின் கண்டன்சரை. அது மேக்னெட்டோவுக்குள் சுழலும் ஆர்மேச்சருக்குள் உட்கார்ந்திருக்கிறது. சூடு ஏறினால் மின்கசிவு கூடி ஸ்பார்க் செத்துவிடும். அறுபது வருடம் ஆன கண்டன்சரிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? ஆர்மேச்சரின் கம்பிச் சுருள் மேல் பூசிய பழைய அரக்கும் சூட்டில் இளகிப் பிசுபிசுக்கும்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். ஆர்மேச்சரை வெளியே இழுப்பதற்கு முன் மின்சாரத்தை வெளியே எடுக்கும் பிக்கப்பையும் உள்ளே நீட்டியிருக்கும் எர்த் பிரஷ்ஷையும் கழற்றிவிடுங்கள். மறந்து இழுத்தால் ஆர்மேச்சரில் இருக்கும் ஸ்லிப் ரிங் வளையத்தின் விளிம்பு பட்டென்று உடையும். நான் ஒன்றை அப்படி உடைத்திருக்கிறேன். புதுக் கண்டன்சர் போட்டு, சுருளைப் புதிதாகச் சுற்றி, ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளியை 12 தௌ (இஞ்சில் ஆயிரத்தில் 12 பங்கு, 0.3 மி.மீ.) வைத்தால் ஈர மலையிலும் வண்டி உங்களைக் கைவிடாது.

ஃபைபர் டேங்க் பிசுபிசுக்கிறது, ஐயா.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரெசினை இளக்குகிறது. ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்யுங்கள். அலுமினிய டேங்குக்கு மாறுவது இன்னும் நல்லது.

எல்லாவற்றையும் குரோம் செய்து, எஞ்சினைப் பளபளவென்று பஃப் அடிக்கலாமா?

கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். ஒரு பட்டறையில் நான் கொடுத்த கிராங்க்கேஸைப் பஃப் அடித்து, அச்சடித்திருந்த எஞ்சின் எண்ணைப் பாதி அழித்துவிட்டார்கள். அந்த வண்டியின் பிறப்புச் சான்றே போயிற்று. ஃபிரேமின் அடியில் பாறை போட்ட கீறல்கள் யாரோ ஒருவர் மழையில் ஓட்டிய பகல்களின் தடம். விரிசலைச் சரிசெய்யுங்கள், துருவை நிறுத்துங்கள், தழும்பை விட்டுவிடுங்கள்.

மாதக்கணக்கில் நின்ற வண்டி, ஸ்டார்ட் செய்ததும் புகை மண்டலம். பிஸ்டன் ரிங் போய்விட்டதா?

அவசரப்பட்டு எஞ்சினைப் பிரிக்காதீர்கள். ஆயில் டேங்கில் இருந்த ஆயில், பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க்கேஸில் இறங்கியிருக்கும். வடித்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

வேலை முடிந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சமதளப் புல்வெளிக்குக் கொண்டுபோங்கள். பின் டயரில் 5 பிஎஸ்ஐ காற்று போதும். ஆனால் டயர் ரிம்மில் நழுவி டியூப் வால்வைக் கிழிக்காமல் இருக்க டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் செக்யூரிட்டி போல்ட் கட்டாயம். ஸ்பார்க் சற்றுத் தாமதமாக விழும்படி இக்னிஷன் லீவரைப் பின்னுக்கு இழுத்து, முதல் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை விடுங்கள். உங்கள் பக்கத்தில் நடந்து வருபவர் ஓடவும் வேண்டாம், நிற்கவும் வேண்டாம் என்ற வேகத்தில் வண்டி திக்காமல் போகவேண்டும். திக்கினால் கார்புரேட்டரில் மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டைக் கழற்றி ஊதிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.