லேலண்டா, டாடாவா? முதல்ல இஞ்சினையும் கிரவுனையும் பாருங்க: லாரிக்காரர் கேள்வி பதில்

போன வாரம் ஒரு தம்பி "லாரி எடுக்கப் போறேன், எந்தக் கம்பெனி நல்லது?"ன்னு கேட்டிருந்தார். "எந்த ரூட்டு, என்ன லோடு, எந்த இஞ்சின், எந்த கிரவுன்? அதைச் சொல்லுங்க, கம்பெனி அப்புறம்"னு பதில் போட்டேன். கிரவுன்ங்கிறது பின் அச்சுக்குள்ள சக்கரத்தைச் சுத்தி விடுற பெரிய பல் சக்கரம். அதோட கேள்வி குவிஞ்சு போச்சு. நாமக்கல் பக்கம் சின்னதா ஒரு பட்டறை வச்சிருக்கேன், ஸ்பேனர் பிடிச்சு 34 வருஷம் ஆச்சு. எந்தக் கம்பெனிக்காரரும் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்ல. அதனால யாருக்கும் பரிஞ்சு பேச வேண்டிய அவசியம் எனக்கில்லீங்க.

ராசிபுரத்திலிருந்து: அண்ணா, எங்க வீட்டுல தாத்தா காலத்துல இருந்து லேலண்டுதான். அப்பா டாடா ஷோரூம் வாசல்ல நிழலுக்குக்கூட ஒதுங்க மாட்டார். இது பிடிவாதமா, இல்ல ஏதாச்சும் விஷயம் இருக்கா?

உங்க அப்பா கணக்குப் போட்டுத்தான் அப்படி இருந்தார் தம்பி. 1948-ல ஆஸ்டின் கார் அசெம்பிள் பண்றதுக்காகச் சென்னையில ஆரம்பிச்ச அசோக் மோட்டார்ஸ்தான் 1955-ல அசோக் லேலண்ட் ஆச்சு. எண்ணூர்ல ஒரு ஃபேக்டரி, 1980-ல ஓசூர்ல இன்னொண்ணு. நம்ம ஊர் அரசு பஸ்ஸுல பெரும்பாலானது லேலண்டு. டெப்போவுல வேலை பழகின மெக்கானிக்கெல்லாம் வெளிய வந்து ரோட்டோரம் பட்டறை போட்டாங்க. நான் தொழில் பழகினதே அப்படி ஒருத்தர்கிட்டதான். ராத்திரி ரெண்டு மணிக்கு கரூர்ல வண்டி நின்னாலும் லேலண்டுக்குக் கை வைக்க ஆள் இருந்தது, பழைய இரும்புக் கடையில பார்ட்டும் இருந்தது. வடக்க போனா இதே கதை டாடாவுக்கு. ஒரு தடவை ஜபல்பூர் தாண்டி ஒரு வண்டி, எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன், வாட்டர் பம்ப் போய் நின்னுருச்சு. பார்ட் வந்து சேர நாலு நாள். லோடு கொண்டைக்கடலை. நாலு நாளும் டிரைவரும் கிளீனரும் படுதாவுக்கு அடியில கையை விட்டு அதைத்தான் தின்னாங்க. அந்த முதலாளி அப்புறம் எடுத்த வண்டி எல்லாம் வேற கம்பெனி. இஞ்சினைப் பார்த்து மாறினதில்ல, வாட்டர் பம்ப் கிடைக்கிற தூரத்தைப் பார்த்து மாறினார்.

இன்னொண்ணு. நம்ம ஊர்ல பத்து சக்கர வண்டி எதுவா இருந்தாலும் அதுக்குப் பேர் டாரஸ்தான். டாரஸ்ங்கிறது லேலண்டு வச்ச மாடல் பேரு. டாடா வண்டி ஓட்டுறவரே "என் டாரஸ் எஃப்.சி.க்கு நிக்குது"ன்னு சொல்வார். இதுக்கு மேல விசுவாசம் எங்க இருக்கு!

சங்ககிரியிலிருந்து: லேலண்டுன்னா ஹினோ, டாடான்னா கம்மின்ஸ். இப்படிப் பிரிச்சுக்கிட்டா சரிதானே?

பாதி சரி. பழைய லேலண்டுல வந்தது இங்கிலாந்து இஞ்சின். காமெட் மாடல் லாரியில 370, 400-ங்கிற இஞ்சின். பெரிய வண்டிக்கு 11 லிட்டர் 680. ஹினோ வந்தது 80-கள்ல ஜப்பான்காரரோட போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம். ஆறு சிலிண்டர், ஆறு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அந்த எச் சீரிஸ் வம்சத்தைத்தான் திருத்தித் திருத்தி இன்னைக்கு வரை ஓட்டிக்கிட்டு இருக்காங்க.

டாடாவுக்கு 1954-ல இருந்து 1969 வரைக்கும் ஜெர்மனி டெய்ம்லர் பென்ஸ் கூட்டு. எங்க வாத்தியார் கடைசி வரைக்கும் டாடா லாரியை "பென்ஸு"ன்னுதான் சொல்வார். கூட்டு முடிஞ்சும் அந்த வழியில வந்த 697 இஞ்சின் ரொம்ப வருஷம் ஓடிச்சு. கம்மின்ஸ் கூட்டு 1993-லதான். ஜாம்ஷெட்பூர்ல தனிக் கம்பெனி போட்டு 5.9 லிட்டர் பி சீரிஸ் செஞ்சாங்க. இப்போ 5.6, 6.7 லிட்டர் ஓடுது. ஆனா டாடா எல்லாம் கம்மின்ஸ் இல்ல. சின்ன வண்டியில டாடாவோட சொந்த இஞ்சின் நிறைய. அல்ட்ராவுல டர்போட்ரான் 5 லிட்டர் வருது, அதுவும் சொந்தம்தான். கிரில்லைப் பார்க்காதீங்க, இஞ்சின் பிளாக்குல அடிச்சிருக்கிற நம்பரைப் பாருங்க.

ஹினோ, 5.9 கம்மின்ஸ்னு டீக்கடையில சட்டையைப் பிடிச்சுக்கிற ரெண்டு கோஷ்டிக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் இஞ்சின் அளவுல கால் லிட்டர்கூட இல்லீங்க.

மேட்டூரிலிருந்து: பழைய 5.9 கம்மின்ஸ் வண்டி ஒண்ணு விலைக்கு வருது. "லைனர் கிடையாது, பிளாக் போச்சுன்னா போச்சு"ன்னு பயமுறுத்துறாங்க. எடுக்கலாமா?

லைனர், அதாவது சிலிண்டருக்குள்ள தனியா மாத்தக்கூடிய உறை, இதுல இல்லாததென்னவோ நிஜம். பிளாக்கையே போர் பண்ணி அதுலதான் பிஸ்டன் ஓடுது. லைனர் இருக்கிற இஞ்சின்னா பழைய லைனரை உருவிப் புதுசைத் தட்டி இறக்கிடலாம். இதுல தேய்ஞ்சா பிளாக்கை லேத்துக்கு எடுத்துட்டுப் போய் ஓவர்சைஸ் போர் பண்ணணும், இல்ல ஸ்லீவ் போடணும். செலவுதான், ஆனா "போச்சு" கிடையாது. ஒழுங்கா ஆயிலும் ஏர் ஃபில்டரும் மாத்துன வண்டி ஹெட்டைக் கழட்டாமலே பல லட்சம் கி.மீ. ஓடியிருக்கு, என் கண்ணால பார்த்திருக்கேன்.

போய்ப் பார்க்கிறப்போ இதைச் செய்யுங்க. இஞ்சின் நல்லா சூடான பிறகு ஐட்லிங்ல விடுங்க. ஆயில் ஊத்துற மூடியைக் கழட்டி, தலைகீழாத் திருப்பி, அதே ஓட்டை மேல சும்மா வைங்க. லேசா நடுங்குனா பரவாயில்ல. துள்ளிக் கீழ விழுந்தா ரிங்கும் போரும் தேய்ஞ்சு காத்து கீழ இறங்குதுன்னு அர்த்தம். அப்புறம் ரேடியேட்டர் மூடி. குளிர்ந்த பிறகு மட்டும் திறங்க, சூட்டுல திறந்தா மூஞ்சி வெந்துரும். தண்ணிக்கு மேல எண்ணெய்ப் பாடை மிதந்தா அந்த இடத்துலயே கும்பிடு போட்டுட்டு வந்துருங்க. விக்கிறவர் நீங்க வர்றதுக்கு முன்னாடியே இஞ்சினைச் சூடு பண்ணி வச்சிருந்தார்னா, குளிர்ல ஸ்டார்ட் ஆகிற லட்சணத்தை மறைக்கிறார். மறுநாள் காலையில அஞ்சரைக்கு, சொல்லாம போய் நில்லுங்க.

திருச்செங்கோட்டிலிருந்து: கிரவுன் கிரவுன்னு சொல்றீங்களே, அது மைலேஜுக்கு அவ்வளவு முக்கியமா? இஞ்சின் ஒண்ணுதானே?

ஒரே இஞ்சின், ஒரே கம்பெனி, ரெண்டு வண்டி. ஒண்ணு லிட்டருக்கு நாலரை கி.மீ. கொடுக்குது, இன்னொண்ணு நாலைத் தாண்ட மாட்டேங்குது. முதலாளி டிரைவரைத் திட்டுவார். நான் பின் அச்சு ஹவுசிங்கைத் திறந்து பல்லை எண்ணுவேன்.

கிரவுனைச் சுத்தி விடுற சின்னப் பல் சக்கரம்தான் பினியன். பினியன்ல 6 பல்லு, கிரவுன்ல 41 பல்லுன்னா விகிதம் 6.83. பினியன் 7, கிரவுன் 41-ன்னா 5.86. இப்போ 10.00×20 டயர் ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 3.2 மீட்டர் போகும். 60 கி.மீ. வேகம்னா நிமிஷத்துக்கு 1000 மீட்டர், அதாவது டயர் 312 சுத்து. டாப் கியர் நேர் கியரா இருந்தா, 6.83 வண்டியில இஞ்சின் 2130 சுத்து சுத்தணும்; 5.86 வண்டியில 1830 போதும். இந்த இஞ்சின்கள் நல்லா இழுக்கிறது 1500-ஐ ஒட்டித்தான். பெங்களூர், ஐதராபாத்னு நாலு வழிச் சாலையிலயே ஓடுற வண்டிக்கு 6.83 எதுக்கு? டீசலைக் கொளுத்திச் சத்தம் கேக்கிறதுக்கா? ஆனா கல்குவாரி, கொல்லிமலை அடிவாரம், மண் ரோடுன்னா 5.86 போட்டவர் இழுவை பத்தாம கிளட்ச் பிளேட்டு மாத்தியே நொந்து போவார்.

ஷோரூம்ல யாரும் இதைத் தானா வந்து சொல்ல மாட்டாங்க. நீங்கதான் கேக்கணும். என்கிட்ட வர்ற "இந்தக் கம்பெனியே தண்டம்"ங்கிற புகார்ல பாதிக்கு மேல, ரூட்டுக்கு ஒத்துவராத கிரவுனைக் கட்டிக்கிட்டு அழுகிற கேஸுதான்.

திருச்செங்கோட்டிலிருந்து இன்னொருவர்: போர்வெல் போடுற ரிக் வண்டிக்கு?

ரிக்குக்கு ரெண்டு இஞ்சின் கணக்கு. ஓடுறதுக்கு ஒண்ணு, கம்ப்ரசருக்கு ஒண்ணு. மணிக்கணக்கா ஃபுல் லோடுல நின்ன இடத்துல உழைக்கிறது ரெண்டாவதுதான், அதைப் பார்த்து எடுங்க. கீழ இருக்கிற சேஸிஸ் எதுவா இருந்தாலும் ஊர் ஊராப் போய்ச் சேர்ந்துரும்.

தர்மபுரியிலிருந்து: தொப்பூர் இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்னு எங்க டிரைவர் சொல்றார். "இந்த இஞ்சின் கியர்ல இறங்குனா டீசல் குடிக்கும்"ங்கிறார்.

அவரை இன்னைக்கே கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுங்க. காமன் ரெயில் இஞ்சின்ல, கியர்ல இறங்குறப்போ ஆக்ஸிலேட்டர்ல காலை எடுத்தா நாசிலுக்கு டீசலே போகாது. சக்கரம்தான் இஞ்சினைச் சுத்துது. நியூட்ரல்ல போட்டாத்தான் இஞ்சின் அணையாம இருக்க டீசல் வேணும். ஆக அவர் சொல்றது தலைகீழ். மிச்சம் ஒரு சொட்டும் இல்ல. புகைக் குழாயை அடைச்சு வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் கியர்ல இருந்தாத்தான் பிடிக்கும், நியூட்ரல்ல அது சும்மா. முழுப் பாரமும் டிரம்முக்குப் போய், லைனிங் சூடேறி, மிதிக்க மிதிக்க வழுக்கும். இரட்டைப் பாலம் வரும்போது காலடியில பிரேக்கே இருக்காது. ஏறுன கியர்லயே இறங்குங்கன்னு பழைய ஆளுங்க சொன்னாங்கல்ல, அதுக்கு எந்தக் கம்பெனி இஞ்சினும் விதிவிலக்கில்ல.

கரூரிலிருந்து: பி.எஸ். 4 புகை விதி வரைக்கும் லேலண்டுக்குப் புகையைச் சுத்தம் பண்ற யூரியாத் தண்ணி (டெஃப்) வேண்டாம்னு எடுத்தோம். இப்போ எல்லாத்துக்கும் கேக்குது. வயலுக்குப் போடுற யூரியாவைக் கரைச்சு ஊத்தலாமா? பக்கத்து வண்டிக்காரர் அப்படித்தான் செய்றார்.

2017 ஏப்ரல்ல பி.எஸ். 4 வந்தப்போ லேலண்டு புகையையே திருப்பி உள்ள அனுப்புற ஈ.ஜி.ஆர். வழிக்குப் போச்சு. டாடாவோட பெரிய வண்டியில கம்மின்ஸ் யூரியா வழி. அந்த மூணு வருஷம் நிறைய பேர் கட்சி மாறினது இந்த ஒரு காரணத்துக்குத்தான். 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 வந்ததும் பெரிய வண்டிக்கெல்லாம் யூரியா கட்டாயம்னு ஆகி அந்தச் சண்டை முடிஞ்சு போச்சு.

வயல் யூரியாவை ஊத்தாதீங்க. டெஃப்ங்கிறது 32.5 சதவீதம் சுத்த யூரியா, மிச்சம் உப்பு நீக்கின தண்ணி. வயல் யூரியாவுக்கு மேல வேப்பெண்ணெய்ப் பூச்சு போட்டிருக்கும், நம்ம போர்த் தண்ணியில சுண்ணாம்பு இருக்கு. போன மாசம் ஒரு வண்டியில யூரியாவைப் பீச்சுற டோசிங் நாசிலைக் கழட்டினேன். கல்யாணப் பந்தி முடிஞ்ச பாத்திரத்துல ஒட்டியிருக்கிற அப்பளப்பூ மாதிரி வெள்ளையாப் பூத்து ஓட்டையே தெரியல. டெஃப் வாளிக்கு நூறு இருநூறு மிச்சம் பிடிச்சார் அந்த வண்டிக்காரர். கேட்டலிஸ்ட் போனா ஆகுற செலவைக் கேட்டுட்டு, என் ஸ்டூல்ல உக்கார்ந்தவர் அரை மணி நேரம் எந்திரிக்கல.

பரமத்தியிலிருந்து ஒரு சகோதரி: வீட்டுக்காரர் ஓட்டுறார், கணக்கு நான் பார்க்கிறேன். இப்போ இருக்கிற வண்டி 4.2 கொடுக்குது. வேற கம்பெனிக்காரர் வந்து 4.8 நிச்சயம்ங்கிறார். வீட்டுக்காரரோ மாற மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறார்.

கணக்கு பார்க்கிற ஆள்கிட்ட கணக்காவே சொல்றேன் அம்மிணி. மாசம் 10,000 கி.மீ. ஓடுனா 4.2-க்கு 2381 லிட்டர், 4.8-க்கு 2083 லிட்டர். வித்தியாசம் 298. லிட்டர் 92 ரூபாய்னு வச்சா மாசம் 27,000 ரூபாய்க்கு மேல. சின்னக் காசு இல்ல, அதனால அந்தக் கம்பெனிக்காரர் பேச்சைத் தள்ளவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம். டெமோ வண்டி கேளுங்க. உங்க ரூட்டுல, உங்க லோடுல, உங்க வீட்டுக்காரரே ஓட்டட்டும். ஒரே பங்க்ல டேங்க்கை வாய் வரை நிரப்பி, மூணு ட்ரிப், மறுபடி அதே பங்க்ல நிரப்பி எழுதுங்க. டேஷ்போர்டு காட்டுற நம்பர் வேண்டாம். 2016-ல மஹிந்திரா பிளேசோ விட்டப்போ "மைலேஜ் கூட வரலைன்னா வண்டியைத் திருப்பிக் கொடுங்க"ன்னே சொல்லி வித்தாங்க. அந்த மாதிரி எழுத்துல தருவாரான்னு அவரையும் கேளுங்க.

பாரத் பென்ஸ் ஒரகடத்துல செய்றாங்க, ஐஷர் இஞ்சின்ல வால்வோ கை இருக்கு. ரெண்டும் மோசமில்ல. ஆனா எதை எடுத்தாலும் சர்வீஸ் சென்டர் பரமத்தியில இருந்து எத்தனை கி.மீ.ன்னு அதே நோட்டுல எழுதி வைங்க. நாளைக்கு விக்கப் போனா நம்ம பக்கம் எந்த வண்டிக்குச் சட்டுனு ஆள் வருதுன்னு புரோக்கரையும் ஒரு வார்த்தை கேளுங்க.

அமெரிக்காவில் மகன் இருக்கும் ஒருவர், ஈரோடு: அங்கயும் பிக்கப் வண்டிக்கு இப்படி அடிச்சுக்கிறாங்களாமே?

நம்மள விட மோசம். ஃபோர்டுக்குப் பவர் ஸ்ட்ரோக், ஷெவர்லேவுக்கு டுராமேக்ஸ், டாட்ஜுக்கு (இப்போ பேர் ராம்) கம்மின்ஸ். ஃபோர்டு பாடி, கம்மின்ஸ் இஞ்சின், அலிசன் கியர்பாக்ஸ் மூணும் ஒரே வண்டியில கிடைச்சா சொர்க்கம்னு அங்க ஒரு கூட்டமே பேசிக்கிட்டு இருக்கு. பவர் ஸ்ட்ரோக்கை ரொம்ப வருஷம் ஃபோர்டு செய்யவே இல்ல, நேவிஸ்டார்ங்கிற வேற கம்பெனி செஞ்சு கொடுத்தது. அதே நேவிஸ்டார்தான் மஹிந்திராவோட சேர்ந்து இங்க லாரி விட்டது. 1989-ல டாட்ஜுல ஏறுன 5.9 கம்மின்ஸ் இருக்கே, மேட்டூர்க்காரர் விலை பேசிக்கிட்டு இருக்கிற வண்டியில இருக்கிறதும் அதே வம்சம்தான். உங்க பையன்கிட்டச் சொல்லுங்க: அங்க படகு இழுக்கிறது இங்க சிமெண்ட் இழுக்குது.

ராசிபுரம் தம்பி மறுபடியும்: அப்போ அப்பாகிட்ட டாடா எடுக்கலாம்னு சொல்லவா?

நான் அப்படிச் சொல்லலையே! உங்க ரூட்டு என்ன, லோடு என்னன்னு இன்னும் நீங்க சொல்லவே இல்ல தம்பி.